ஆட்டுக்குட்டியின் நெற்றியில் ஓட்டை

மேஜையில் விரித்திருந்த துணியில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. வெள்ளைத் துணி, தங்க ஜரிகை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். எல்லாம் பாந்தமாக இருந்தது. நெற்றிக்கு நட்ட நடுவில் மட்டும் ஓர் ஓட்டை.

துப்பறியும் கோவிந்தராஜுலு ஆள்காட்டி விரலை அதில் விட்டுப் பார்த்தார். விரல் மேஜைப் பலகையில் போய் நின்றது.

"உசிரு போயிருச்சுங்க சார்," என்றாள் உதவியாளர் மெர்சி. "சொந்தக்காரங்களுக்குச் சொல்லி உட்டுரலாங்களா?"

கோவிந்தராஜுலு சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால்தான் மெர்சி அவரிடம் வேலைக்கு இருந்தாள். சிரிக்கிற ஆளிடம் ஜோக் சொல்வதில் என்ன சவால் இருக்கிறது? காந்திபுரத்தில் ஒரு பேக்கரி மாடியில் ஆபீஸ் போட்டு, மாப்பிள்ளை குடிப்பாரா, சீட்டாடுவாரா என்று கல்யாண விசாரணை செய்தே காலம் தள்ளியவர் அவர். சுடப்பட்ட ஆட்டுக்குட்டி அவருக்கு இதுதான் முதல் தடவை.

"பலிபீடத்துக்கு விரிக்கிற துணிங்க இது," என்றார் தறி முதலாளி பாலகோபால். "ஃபாதர் பிரான்சிஸ் பார்த்துப்போட்டு என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? 'ஆண்டவரோட ஆட்டுக்குட்டியை நெத்தியில சுட்டுட்டீங்களே'ன்னாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சுங்க."

அது 1996. சூலூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஜக்கார்டு தறி துணியில் படம் நெய்வது பாலகோபால் ஷெட்டில் மட்டும்தான். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது. ஓட்டை விழுந்தது துணியில் மட்டுமில்லை, அதிலும்தான்.

"செஞ்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க," என்றார் அவர். "டிசைன் போடற ரம்லா. ஒரு சின்னத் திருத்தம் இருக்குது, ஆயுத பூஜை லீவுல வந்து செஞ்சுட்டுப் போன்னு நான்தான் வரச் சொன்னேன். ஷெட்டுல ஈ காக்கா இல்லை. மறுநாள் நெய்யறோம், நெத்தியில ஓட்டை. எந்தத் தறிக்காரன் தூண்டிவிட்டு இதைச் செஞ்சுதுன்னு மட்டும் நீங்க கண்டுபுடிச்சுக் குடுங்க. கம்ப்ளைண்ட் டைப் அடிச்சாச்சு. இன்ஸ்பெக்டர் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாராராம். குடுத்துப்போட்டு வந்துருவேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதுதான் ரம்லா. கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். சாயங்காலம் அந்தக் காகிதம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் இந்த வேலை மட்டும் போகாது. போலீஸ் விசாரித்த பெண்ணுக்குக் கோயமுத்தூரில் இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட ஆள் கிடையாது. ஊரார் ஒரு பெண்ணைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்று கோவிந்தராஜுலுவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் விரலைத் துணியிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"முதல்ல கம்ப்யூட்டரைப் பாக்கலாமுங்க," என்றார்.

டிசைன் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏ.சி. குளிர் பாதத்தைக் கடித்தது. நடுவில் ஒரு பெரிய திரை, மூலையில் ரம்லாவின் சின்னத் திரை. இரண்டுக்கும் சேர்த்து மேஜைக்கடியில் ஒரே சர்வர் பெட்டி. அதன் பக்கத்தில், கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞன், பெட்டியைத் தானே பெற்றவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"பிரவின்குமாருங்க. டிசைன் ப்ரோக்ராம் நான் எழுதினது," என்றான். "இந்தப் பொட்டியில ஓடற யூனிக்ஸ் பொய் சொல்லாதுங்க. ஆட்டுக்குட்டி ஃபைல் கடைசியா மாறினது ஆயுத பூஜை அன்னைக்கு மத்தியானம். மாத்தினது ரம்லா. கேஸ் முடிஞ்சுது."

"அந்த ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி."

பிரவின்குமார் நாலு தட்டு தட்டினான். திரையில் ஆட்டுக்குட்டி வந்தது. காது இரண்டும் சாதுவாகத் தொங்கின. நெற்றி பளிச்சென்று இருந்தது.

"ஓட்டை எங்கீங்க?" என்றார் கோவிந்தராஜுலு.

"அடைச்சுட்டாங்க. துணி நெஞ்சதுக்கப்புறம் யாருக்கும் தெரியாம சரி பண்ணி வெச்சிருக்காங்க."

"துணி நெஞ்சது என்னைக்கு?"

"பூஜைக்கு மறுநாளுங்க."

"ஃபைல் கடைசியா மாறினது?"

"பூஜை அன்னைக்..." பிரவின்குமார் பாதியில் நிறுத்தினான்.

"அடடா," என்றாள் மெர்சி. "ஓட்டை விழறதுக்கு முந்தின நாளே அடைச்சு வெச்சுட்டாங்களா? இத்தனை சுறுசுறுப்பு எங்காபீஸ்ல இல்லீங்க."

"தேதியை யாராச்சும் திருத்தியிருக்கலாமுங்களா?" என்று கேட்டார் கோவிந்தராஜுலு.

"அதுக்கு ரூட் பாஸ்வேர்டு வேணுங்க. அது எங்கிட்ட மட்டும்தான் இருக்குது." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அந்தக் குளிரிலும் டையைத் தளர்த்திக்கொண்டான். "நான் ஊர்லயே இல்லீங்க. பூசை முடிஞ்ச கையோட பெங்களூர் பஸ் ஏறிட்டேன்."

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலீங்க," என்றார் கோவிந்தராஜுலு. "எப்படிப் பார்த்தாலும், நெய்யற நேரத்துல ஃபைல்ல இருந்தது நல்ல ஆடு. துணியில வந்தது சுட்ட ஆடு. அப்பத் தறி எந்த ஆட்டைப் பார்த்து நெஞ்சுதுங்க?"



வெளியே வந்து ரம்லாவின் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். மெர்சி மறு ஓரத்தில்.

"அன்னைக்கு என்ன செஞ்சீங்க அம்மணி?"

"மொதல்ல போட்ட டிசைன்ல காது ரெண்டும் நிமிந்து நிக்குங்க," என்றாள் ரம்லா. குரலில் நடுக்கம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஃபாதர் பாத்துட்டு, இது ஆட்டுக்குட்டியா முயலான்னு கேட்டாரு. அதனால காதைத் தொங்கவிடச் சொன்னாங்க. என்ற சீட்டுல உக்காந்து தொங்கவிட்டேன். ஊட்டுக்குப் போயிட்டேன்."

"நெத்தி?"

"தொடவே இல்லீங்க."

"அன்னைக்கு அந்த ரூமுல வித்தியாசமா ஏதாச்சும் பாத்தீங்களா?"

ரம்லா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே பாலகோபால் டைப் அடித்த காகிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றாள்.

திரும்பி நடக்கும்போது மெர்சி குரலைத் தாழ்த்தினாள். "சார், ஓட்டை போடலைங்கறது நெசம். ஒண்ணும் பாக்கலைங்கறது நெசமில்லை."

"தெரியுது அம்மணி."

"மடியில கனமில்லைன்னா வாயைத் தொறக்க வேண்டியதுதானே?" என்றார் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பாலகோபால். கோவிந்தராஜுலு அவருக்குப் பதில் சொல்லாமல் பிரவின்குமாரிடம் போனார்.

"தம்பி, உங்க ப்ரோக்ராம் ஒரு ஃபைலை எப்படித் தொறக்குதுங்க?"

பிரவின்குமார் முகத்தில் போன வெளிச்சம் திரும்பி வந்தது. அவனிடம் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. "மெமரி மேப்பிங்னு பேருங்க. பெங்களூர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது."

"எங்களைப் பாதியில சேத்துக்குங்க," என்றாள் மெர்சி.

"மத்த ப்ரோக்ராமெல்லாம் ஃபைல்ல இருக்கறதை வாளியில மோந்து மோந்து மெமரியில ஊத்தும். வேலை முடிஞ்சதும் மறுபடி மோந்து டிஸ்குல ஊத்தும். நான் அப்படிச் செய்யலை. ஃபைலை ஒரு குடோன்னு வெச்சுக்குங்க. அந்தக் குடோன் செவுத்துல ஒரு ஜன்னல் வெச்சுட்டேன். ப்ரோக்ராம் தன்ற மெமரியிலதான் பாக்குது. ஆனா அங்க தெரியறது ஃபைலேதான், காப்பி இல்லை. எந்த இடத்தைப் பாக்குதோ அந்த இடத்தை மட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம் டிஸ்குல இருந்து எடுத்துட்டு வந்து வெக்கும். பாக்காத இடம் வரவே வராது."

"கேட்டாத்தான் கொண்டு வருமா? எங்கண்ணன் ஜாதகமுங்க," என்றாள் மெர்சி.

"ரெண்டு பேரு ஒட்டுக்காத் தொறந்தா?" என்றார் கோவிந்தராஜுலு.

"ஒரே குடோனுக்கு ரெண்டு ஜன்னல். திருத்தறதுக்குன்னு தொறந்தா அது கண்ணாடி இல்லாத ஜன்னலுங்க. கைய உட்டு நகத்தினா உள்ள சாமானே நகரும். அடுத்த ஜன்னல்காரருக்கும் நகந்துதான் தெரியும். சும்மா பாக்கறதுக்குன்னு தொறந்தா, கண்ணாடி போட்ட ஜன்னல். அது மேல என்ன வேணாலும் கிறுக்கலாம். ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது. ப்ரோக்ராமை மூடினா கிறுக்கலும் போயிரும். நூத்துக்கு நூறு பத்திரமுங்க."

கோவிந்தராஜுலு கண்ணை மூடி அந்த ஜன்னலைப் பார்த்தார். கல்யாண விசாரணையில் ஜன்னல்களோடு அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

"முழு ஜன்னலுக்கும் ஒரே கண்ணாடிதானுங்களா?"

"இல்லீங்க, சின்னச் சின்னச் சட்டம். ஒவ்வொரு சட்டமும் ஒரு பேஜ். எந்தச் சட்டத்து மேல கிறுக்கறீங்களோ, அதுக்கு மட்டும் அந்த நிமிஷமே ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு காப்பி எடுத்து உங்க கையில குடுத்துரும். தொடாத சட்டமெல்லாம் குடோனையேதான் காட்டிட்டு இருக்கும்."

"சரி. நான் ஒரு சட்டத்துல கிறுக்கிப்போட்டு, ஜன்னலை மூடாம எந்திரிச்சுப் போயிட்டேன். அப்புறம் ஒருத்தர் குடோனுக்குள்ள சாமானை மாத்தி வெக்கறாங்க. திரும்பி வந்து என்ற ஜன்னல்ல பார்த்தா?"

"கிறுக்கின சட்டத்துல பழைய சாமானுங்க. மத்த சட்டத்துலயெல்லாம் புதுசு. ஆனா அப்படி யாருங்க..." பிரவின்குமார் வாய் திறந்தபடி நின்றது.

கோவிந்தராஜுலு துணியை எடுத்து வந்து பெரிய திரைக்கு முன்னால் விரித்தார். அத்தனை பேரும் ஓட்டையையே பார்த்தார்கள். ஓட்டையைச் சுற்றி என்ன இருக்கிறதென்று ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. நெற்றி மட்டத்தில், துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு பட்டை ஓடியது. அந்தப் பட்டைக்குள் மட்டும் காதின் அடிப்பாகம் இரண்டு குச்சிகளாக மேலே பார்த்து நின்றது. பட்டைக்குக் கீழே அதே காதுகள் ஒன்றும் நடக்காதது போலத் தொங்கின.

"ஒரே ஆட்டுக்கு நிமிந்த காதும் தொங்கின காதும்," என்றாள் மெர்சி. "முடிவெடுக்க முடியாம செத்திருக்குதுங்க."

"தம்பி, இந்தப் பட்டை எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு பாருங்க."

பிரவின்குமார் குனிந்து வரிகளை விரலால் தடவி, உதட்டுக்குள் கணக்குப் போட்டான். நிமிர்ந்தபோது அவன் டை முழுசாக அவிழ்ந்து தோளில் கிடந்தது. "பேஜ் எல்லையில தொடங்குது. பேஜ் எல்லையில முடியுதுங்க."

"கையால கெடுக்கறவங்க எல்லைக்கல் பார்த்தா கெடுப்பாங்க?" என்றார் கோவிந்தராஜுலு. "காது தொங்கறதுக்கு முந்தியே ஒருத்தர் இந்த ஆட்டைச் சும்மா பாக்கத் தொறந்து, நெத்தியில என்னமோ வெச்சிருக்காரு. மூடலை. ரம்லா வந்து தன்ற ஜன்னல்ல காதைத் தொங்கவிட்டுட்டுப் போயிருக்குது. மறுநாள் அந்த மூடாத ஜன்னல்ல இருந்தே தறிக்கு அனுப்பியிருக்காங்க. ஃபைல்ல எப்பவும் நல்ல ஆடுதான். இன்னொண்ணு கேக்கறேன். தங்கம், வெள்ளை ரெண்டையும் தவிர வேற கலர் வந்தா தறி என்ன பண்ணும்?"

"தெரியாத கலருக்கு எந்த இழையையும் தூக்காதுங்க. நூல் விலகி..." பிரவின்குமார் துணியின் ஓட்டையைத் தொட்டான். "ஓட்டை விழும்."

கோவிந்தராஜுலு அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் இன்னும் காயாத குறைதான். சர்வர் பெட்டிக்குப் பொட்டு. கீபோர்டுக்குப் பொட்டு. மவுஸுக்கு, அதன் சைஸுக்கு ஏற்ற குட்டிப் பொட்டு. ஸ்டெபிலைசருக்கு, ஏ.சி.க்கு, ரம்லாவின் சின்னத் திரையின் தலையில், மூலையிலிருந்த குப்பைக் கூடைக்குக்கூட ஒன்று. பெரிய திரைக்கு மட்டும், கண்ணாடியிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை.

"இத்தனைக்கும் வெச்சவங்க, வீட்டுக்குப் பெரியவருக்கு வெக்காம உட்டுட்டாங்களே," என்றார். "தறிக்கு அனுப்பினது யாருங்க?"

சூப்பர்வைசர் சென்னிமலையைக் கூப்பிட்டார்கள். காதிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தார்.

"நான்தானுங்க அனுப்பினேன். பெரிய திரையில இருந்துங்க. பூசை போட்ட பொட்டி, மொத வேலை அதுல இருந்தே போகட்டும்னு அமுத்தினேன். அப்புறம் மூடிப்போட்டேன்."

"பூசையன்னைக்கு அதுல ஆடு எப்படி வந்துது?"

"இருட்டா இருக்கற பொட்டிக்குப் பூசை போட்டா நல்லாவா இருக்கும்? லட்சணமா இருக்கட்டும்னு ஆட்டைத் தொறந்து வெச்சமுங்க. பூசை முடிஞ்சா மறுநாள் வரைக்கும் ஆயுதத்தைத் தொடக்கூடாதுங்களே, அப்படியே உட்டுட்டோம்."

பாலகோபால் மேஜையைத் தட்டினார். "சென்னிமலை! ஆக, நீதானா? என்ற உப்பைத் தின்னுபோட்டு..."

"நான் பொத்தானைத்தான் அமுத்தினேனுங்க!" சென்னிமலைக்கு அழுகை வந்துவிட்டது. "பொட்டை நான் வெக்கலீங்களே!"

"எந்தப் பொட்டு?" என்றார் கோவிந்தராஜுலு.

சென்னிமலை தரையைப் பார்த்தார். பிறகு பிரவின்குமாரைப் பார்த்தார். பிரவின்குமார் பாலகோபாலைப் பார்த்தான். பாலகோபாலுக்குப் பார்க்க ஆள் மிச்சமில்லை.

"நான்தான் சொன்னேனுங்க," என்றான் பிரவின்குமார் மெல்லிய குரலில். "கண்ணாடியில குங்குமம் வெச்சாக் கறை புடிச்சுரும், மவுஸ்ல படத்துக்கே சேப்பு வட்டம் ஒண்ணு வைங்க, சும்மா பாக்கற முறைதான், ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகலீங்களே..."

"மொதப் பொட்டு யாரு வெப்பாங்க?" என்று கேட்டாள் மெர்சி. கேட்டுவிட்டு அவளே பதிலையும் பார்த்தாள்.

பாலகோபால் நாற்காலியில் மெதுவாக இறங்கினார். "மொதப் பொட்டு எப்பவும் மொதலாளிதானுங்களே வெக்கறது," என்றார். "நான்தான் வெச்சேன். அது சேப்பா, வட்டமா, மங்களமா இருந்துது. இது ஓட்டை. ரெண்டும் ஒண்ணுன்னு என்ற புத்திக்கு எட்டவே இல்லீங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். கூலி கொடுத்துக் கூப்பிட்டவரையே கைகாட்ட வேண்டியதாகிவிட்டது. கோவிந்தராஜுலுவுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவருக்கு இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. ரம்லாவை உள்ளே வரச் சொன்னார்.

"பூசையன்னைக்கு நீங்க பெரிய திரையைப் பாத்தீங்கதானே அம்மணி?"

ரம்லா தலையாட்டினாள். "பொட்டு வெச்சு ஆடு அழகா இருந்துதுங்க."

"அதை நீங்க மூடியிருந்தா இந்த ஓட்டையே விழுந்திருக்காது."

"தெரியுங்க. துணியைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. ஆனா அன்னைக்கு என்ற சீட்டைத் தவிர பூசை போட்ட வேற எதையும் தொடக்கூடாதுன்னு சென்னிமலையண்ணன் சொல்லியிருந்தாரு. அவங்க சாமி காரியம், நாம தொடக்கூடாதுன்னு நான் பக்கத்துலயே போகலீங்க."

"அதை ஏன் கேட்டப்பவே சொல்லலை?" என்றாள் மெர்சி. இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

"உங்க பூசைப் பொட்டாலதான் துணி கெட்டுதுன்னு நான் போய்ச் சொல்லணுமாங்க? என்ற பேரைச் சொல்லிப்போட்டு அதைச் சொன்னா, எப்படிக் கேப்பாங்க? அதுக்கு நான்தான் கெடுத்தேன்னு சொன்னாலே தேவலைன்னு இருந்துட்டேன்."

கோவிந்தராஜுலு கண்ணாடிக் கதவுக்கு வெளியே காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எத்தனையோ வீடுகளைப் பார்த்திருக்கிறார். உள்ளே இருப்பவருக்கு எது பயம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பாலகோபால் டைப் அடித்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். "தப்பா நெனச்சுப்போட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க."

"நேத்து பக்கத்தூட்டு நம்பருக்கு போன் பண்ணி எங்க அத்தாகிட்டச் சொன்னீங்க," என்றாள் ரம்லா. "அத்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க. என்ற புள்ளையை மன்னிச்சுருங்க மொதலாளின்னு அந்த போன்லயே உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரு. பக்கத்தூட்டுக்காரங்க அத்தனை பேரும் நின்னு பார்த்தாங்க. அந்த மன்னிப்பை அவருக்குத் திருப்பிக் குடுத்துருங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாங்க."

பாலகோபாலின் கை டெலிபோனுக்குப் போனது.

"போன்ல வேண்டாங்க," என்றாள் ரம்லா.

கை நின்றது. பிறகு கார் சாவிக்குப் போனது.

ரம்லா, கோவிந்தராஜுலு, மெர்சி மூவரையும் ஏற்றிக்கொண்டு கார் கோட்டைமேட்டுக்குள் நுழைந்தது. சந்துக்குள் கார் போகாது என்றதும் பாலகோபால் முதலில் இறங்கி நடந்தார். வாசலில் நின்றிருந்த ரம்லாவின் அத்தா அப்துல் வஹீது, முதலாளி ரம்லாவோடும் இரண்டு புது ஆட்களோடும் வருவதைப் பார்த்தார். அவசர அவசரமாகத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கைகூப்பினார்.

"மொதலாளி, புள்ளை தெரியாமச் செஞ்சிருக்கும், நீங்க மனசு வெச்சு..."

பாலகோபால் அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். "இல்லீங்க பாய்," என்றார். குரல் எழும்பவில்லை. "நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கோணும். உங்க புள்ளை ஒரு தப்பும் பண்ணலை."

அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றாள் ரம்லா.